திருப்பி வாங்காத அம்பு

வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது தோமையன் கங்காணி ராயம்மாள் வீட்டு வாசலில் வந்து நிற்பான். கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை, கையில் ஒரு சேலைப் பொட்டலம். நம் பக்கத்து ஆட்களைச் சேர்த்துச் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் அவன். ராயம்மாளின் புருஷன் சின்னப்பனையும் அவன்தான் கூட்டிக்கொண்டு போனான்.

"உன்ற ஊட்டுக்காரன் குடுத்து உட்டான் அம்மிணி. நல்லாத்தான் இருக்கறான். தொரை லீவு குடுக்க மாட்டீங்கறான்," என்பான்.

"சரிங்கண்ணா," என்று ராயம்மாள் சேலையை வாங்கிக்கொள்வாள்.

இப்படி ஒரு கங்காணி எந்த ஊருக்குக் கிடைப்பான் என்று தெருப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். ராயம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சேலையைப் பல்லால் கடித்தபடி உட்கார்ந்திருப்பாள். அழமாட்டாள். அழுகையெல்லாம் பச்சமுத்து விஷயத்தைச் சொன்ன அன்றைக்கே அழுது தீர்த்தாகிவிட்டது. அவள் புருஷன் செத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. அது அவளுக்கும் தெரியும், தோமையனுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

பச்சமுத்து அதே கூட்டத்தில் சிலோனுக்குப் போய்த் திரும்பி வந்தவன். கடலைக்காட்டில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வரிசையில் குனிந்த தலை நிமிராமல் அவளிடம் சொன்னான். கப்பல் ஏறுவதற்கு முன்னால் கடலோரத்து முகாமில் எல்லோரையும் நிறுத்தி நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அங்கே சின்னப்பனுக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. ஒருவனுக்குக் கண்டால் அவனோடு வந்த கூட்டம் முழுவதையும் உள்ளே போட்டுப் பூட்டிவிடுவார்கள். இவன் யாருடைய ஆள் என்று முகாம் அதிகாரி கேட்டபோது, தெரியாது, வழியில் எங்கேயோ ஏறினவன் என்று தோமையன் சொல்லிவிட்டான். பாயில் கிடந்த சின்னப்பன், அண்ணா, அண்ணா என்று கையை நீட்டியிருக்கிறான். தோமையன் மற்றவர்களை ஓட்டிக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டான். மறுநாளே சின்னப்பன் செத்துவிட்டான் என்று பின்னால் வந்த கப்பல்காரர்கள் சொன்னார்களாம்.

"என்னைச் சாட்சிக்கு மட்டும் கூப்படாத அம்மிணி. என்ற தம்பிக ரெண்டு பேரும் இன்னும் அவன் கைலதான் இருக்கறானுங்க," என்று சொல்லிவிட்டுப் பச்சமுத்து வேறு வரிசைக்கு மாறிப் போய்விட்டான்.

ராயம்மாள் யாரையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. தோமையன் வாயாலேயே சொல்ல வேண்டும், ஊர் கேட்க வேண்டும். அதைத்தான் அவள் தின்றாள், அதைத்தான் குடித்தாள்.

அவர்கள் ஊர் மூலக்காட்டூர். புதுச்சத்திரத்திலிருந்து கிழக்கே மண்பாதையில் போனால், கொல்லிமலை கண்ணுக்கு நேரே நிற்கும் இடத்தில் வரும். வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள் பாதி, மற்றவர்கள் பாதி. ஆனால் செபஸ்தியார் எல்லோருக்கும் பொது. பெரிய பிளேக் வந்தபோது ஊரே வீட்டை விட்டுவிட்டு வெள்ளியங்கிரிக் கவுண்டர் காட்டில் கொட்டகை போட்டுக் கிடந்தது. அப்போது செபஸ்தியாரின் சுரூபச் சிலையைத் தூக்கிக்கொண்டு எல்லையைச் சுற்றினார்கள், சாவு நின்றது என்பார்கள். அதிலிருந்து கவுண்டர் வீட்டிலும் உப்பும் மிளகும் கொண்டுவந்து அவர் காலடியில் கொட்டுகிறார்கள்.

அவர் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரோமாபுரி ராசா தியோக்கிளேசியானின் காவல் படையில் அவர் ஒரு தலைவர். வேதக்காரர்களைப் பிடித்துப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தான் ராசா. செபஸ்தியார் வெளியே படைக்காரர், உள்ளே வேதக்காரர். சிறையில் கிடந்தவர்களுக்குப் போய்த் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் ராசா அவரை மரத்தில் கட்டி, வில்லாளிகளை விட்டு அம்பு எய்ய வைத்தான். முள்ளம்பன்றி மாதிரி உடம்பெல்லாம் அம்பு. செத்தான் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். புதைப்பதற்காக வந்த இரேனம்மாள் என்ற விதவைதான் மூச்சு ஓடுவதைப் பார்த்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்பைப் பிடுங்கி, எண்ணெய் போட்டு ஆற்றினாள். தேறின பிறகு, எங்கேயாவது ஓடிப்போய்விடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் ஓடவில்லை. ராசா இறங்கி வருகிற படிக்கட்டில் போய் நின்று, நீ செய்தது அநியாயம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இந்தத் தடவை தடியால் அடித்தே கொன்றார்கள்.

கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் இந்தக் கதையைச் சொல்லும்போது, அம்பு பட்டபோது அவர் காட்டின பொறுமையைத்தான் நீட்டி நீட்டிச் சொல்வார். ராயம்மாளுக்கு அது காதில் ஏறாது. அந்தப் படிக்கட்டில்தான் அவள் மனம் போய் உட்காரும். செத்தான் என்று போட்டுவிட்டுப் போனவன் முன்னால் போய் நின்றாரே, அவன் முகம் எப்படி ஆகியிருக்கும்! சின்னப்பனால் வந்து நிற்க முடியாது. நான் நிற்க வேண்டும் என்று நினைப்பாள்.

நிற்பதற்கு ஒரு வழி அந்த ஊரில் இருந்தது. ஜனவரி இருபதாம் தேதி திருவிழா. பூசை முடிந்து சப்பரம் கவுண்டர் காட்டுப் புளியமரத்தடியில் வந்து நிற்கும். சுரூபத்தில் ஐந்து அம்பு செருகியிருக்கும். இரேனம்மாள் செய்தபடி ஊர் விதவை ஒருத்தி அவற்றைப் பிடுங்கி, துளைகளில் நல்லெண்ணெய் தடவ வேண்டும். மற்ற விசேஷங்களில் விதவை எதிரே வந்தால் முகம் சுளிக்கிறவர்கள்கூட அன்றைக்கு அவள் கையால் எண்ணெய் தொட்டு வைத்துக்கொள்வார்கள். நெஞ்சில் இருக்கும் அம்பை மட்டும் கடைசியில் எடுப்பார்கள். அது ஒரு முழ இரும்பு. எந்த விதவைக்காவது யார் மேலாவது முறையீடு இருந்தால், அந்த நெஞ்சம்பை அவளே பிடுங்கி அந்த ஆளிடம் நீட்டலாம். அவன் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் வருஷம் திரும்புவதற்குள் பிளேக் கட்டி கிளம்பும் என்பது நம்பிக்கை. சொல்லி முடித்ததும் அவள் அம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு எண்ணெய் போடுவாள். அதோடு வழக்கு தீர்ந்தது.

விதவைக்கு மட்டும்தான் இந்த உரிமை. ராயம்மாள் கழுத்தில் தாலி இருந்தது. வருஷா வருஷம் சேலை எதற்கு வருகிறது என்று அவளுக்குப் புரிந்தது அந்த அம்பை நினைத்துத்தான். சாவுச் செய்தி பரவினால் ஆள் சேராது என்பது ஒரு காரணம். அவளைத் தாலியோடு வைத்திருந்தால் அவள் வாய் திறக்காது என்பது இன்னொன்று.

அந்த வருஷம் அவள் மதலேனம்மாளிடம் போனாள். பிளேக்கில் புருஷனைக் கொடுத்துவிட்டு அன்றிலிருந்து அம்பெடுக்கிறவள் மதலேனம்மாள். கருவாடு காய வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். காக்கையை விரட்டினாள். பிறகு சொன்னாள்: தாலியை இன்னொருத்தர் வந்து கழற்ற வேண்டும் என்று ஒன்றுமில்லை, நீயே கழற்றலாம். கழற்றிவிட்டால் நீ விதவை.

"ஆனா அவன் எங்கியாச்சும் உசுரோட இருந்து நாளைக்கி வந்து நின்னான்னா, நானே உன்ற காலை ஒடைப்பேன். பச்சமுத்து கண்ணால பாத்தானா? இல்லியே. கேட்டதுதான?"

ராயம்மாளுக்கு அது தெரியாமல் இல்லை. புருஷன் இருக்கும்போது தாலியைக் கழற்றினவளுக்கு இந்த ஊரில் தண்ணீர்கூடக் கிடைக்காது.

"இன்னொண்ணும் கேட்டுக்க," என்றாள் மதலேனம்மாள். "அவன் பேச்சுக்காரன். என்னத்தையோ சொல்லி மூக்கச் சிந்துவான். நீ அம்ப வாங்கி எண்ணெய் போட்டுருவ. அத்தோட முடிஞ்சுது. பொறவு அவனத் திட்டறதுக்குக்கூட உனக்கு வாயில்ல. அதுக்கா கழட்டறே?"

ராயம்மாள் வீட்டுக்கு வந்தாள். வருகிற வழியெல்லாம் அந்தப் பேச்சையே மென்றுகொண்டு வந்தாள். அம்பை வாங்கினால்தானே முடியும் என்று தோன்றியது.

திருவிழா அன்றைக்குச் சப்பரப் பூவெல்லாம் தோமையன் நேர்ச்சை. சரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, பெண்டாட்டி குடை பிடிக்க, சப்பரத்துக்கு முன்னால் நடந்து வந்தான். புளியமரத்தடியில் பொங்கல் அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. மதலேனம்மாள் நான்கு அம்புகளையும் பிடுங்கி எண்ணெய் போட்டுவிட்டு, வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். எந்த விதவைக்காவது முறையீடு உண்டா?

ராயம்மாள் எழுந்து முன்னால் வந்தாள். அந்த வருஷம் தோமையன் கொடுத்த பச்சைச் சேலையைத்தான் கட்டியிருந்தாள்.

"ஏம்புள்ள, புருஷன் ஊர்ல இல்லீன்னா விதவையா?" என்று வண்டிக்கார மாரி பின்னாலிருந்து கேட்டான். "அப்படிப் பாத்தா என்ற பொண்டாட்டி சந்தைக்குச் சந்தை விதவைதான்."

கூட்டம் சிரித்தது. தோமையனும் சிரித்தான். ராயம்மாள் இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோய், தாலிக் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றிச் சப்பரத்தின் விளிம்பில் வைத்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். உபதேசியார் கையை உயர்த்திக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார்.

"அவரு உசுரோட இருந்தா இந்தப் பாவம் என்னைப் புழுவாட்டத் திங்கட்டும்," என்றாள் ராயம்மாள். "நெஞ்சம்ப நான் எடுக்கோணுங்க ஆத்தா."

மதலேனம்மாள் தன் வெள்ளைச் சேலை முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து ராயம்மாளின் தோளில் போட்டுவிட்டு, ஒதுங்கி நின்றாள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அம்பு இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் எடுத்தாள். நேரே தோமையன் முன்னால் கொண்டுபோய் நீட்டினாள்.

"வாங்கு," என்றாள்.

அவன் தயங்கவில்லை. கோட்டைக் கழற்றிப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, பணிவாக இரண்டு உள்ளங்கையையும் நீட்டி அம்பை ஏந்திக்கொண்டு, சுரூபத்துக்கு எதிரே நின்றான்.

"என்ற புருஷன் எங்கே?"

தோமையன் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. சின்னப்பன் கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே வாந்திபேதியில் போய்விட்டான் என்றான். தன் தலையில்தான் எல்லாம் விழுந்தது என்றான். சின்னவயசுப் பெண், இவள் கழுத்துக் கயிற்றை எப்படிப் பறிப்பது என்று மனசு கேட்காமல், அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிவிட்டதாகவும், அந்தப் பொய்க்கு வருஷம் ஒரு சேலை கட்டினதாகவும் சொன்னான்.

"பொய்தானுங்க. பொய் சொன்னது நெசந்தான். தங்கச்சிக்காகச் சொன்னேன்."

பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நல்ல மனசு என்று கவுண்டர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். உபதேசியார் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, கேட்டதற்குச் சொல்லிவிட்டார், அம்பை வாங்கிக்கொள் என்றார். தோமையன் கையை நீட்டினான்.

ராயம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் முடியலீங்க," என்றாள்.

இப்படி ஒருத்தி செய்து அந்த ஊர் பார்த்ததில்லை. கேட்பாள், அவன் சொல்வான், வாங்குவாள். அவ்வளவுதான் வழக்கம். வாங்காமல் நின்றால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தோமையன் அம்பைச் சப்பரத்தில் வைக்கப் போனான். மதலேனம்மாள் கைத்தடியால் அவன் முழங்கையில் ஒன்று போட்டாள்.

"கேட்டவதான் வாங்கோணும். கீழ வெச்சா சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிரும். வெக்கறயா?"

தோமையன் கவுண்டரைப் பார்த்தான். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்; தன் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான் என்றார்.

தோமையன் நின்றான். வெயில் ஏறியது. ஒரு முழ இரும்பு முதலில் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். நீட்டின கையில் நேரம் போகப்போக அது உலக்கை ஆகிவிடும். அவன் தலைப்பாகைக்குள்ளிருந்து வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. சப்பரம் நகராமல் பொங்கலை இறக்கக் கூடாது. அடுப்பில் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. முதலில் ஜனங்கள் ராயம்மாளைத்தான் முணுமுணுத்தார்கள். அவள் அசையவில்லை என்றதும் முணுமுணுப்பு மெல்லத் திரும்பியது.

"மலை மேல ஆளுகள நிக்க வெச்சு நாளெல்லாம் கொழுந்து கிள்ளச் சொல்றயே கங்காணி," என்றான் மாரி. "ஒரு அம்பத் தூக்க முடியிலியா? மிச்சமிருந்தாச் சொல்லித் தொலைய்யா, பசிக்குது."

ராயம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தோள் நடுங்குவதை, உதடு காய்வதை, கண் அங்குமிங்கும் ஓடுவதை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து இதைத்தான் பார்க்க வேண்டும் என்றிருந்தாள். அவசரப்படவில்லை. ஒன்று ஒன்றாகக் கேட்டாள்.

"கடசியா அவரு என்ன சொன்னாரு?"

நினைவில்லை என்றான்.

"எந்தப் பேரு சொல்லிப் பொதச்சாங்க?"

அவனுக்குத் தெரியாது.

"உன்ற ஆளுக்குப் பேரு குடுக்க வேண்டியது நீதான? ஏன் தெரியாது?"

தோமையன் கண் கூட்டத்தில் ஓடி ஓர் இடத்தில் போய் நின்றது. ராயம்மாள் திரும்பிப் பார்த்தாள். பச்சமுத்து எழுந்து நின்றிருந்தான். அவள் கூப்பிடவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, தோமையனையே பார்த்தபடி இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

தோமையன் மண்டியிட்டான். அப்போதும் அம்பை விடவில்லை.

"என்ற ஆளில்லீன்னு சொல்லீட்டேன்," என்றான். குரல் வெளியே வரவில்லை. சத்தமாகச் சொல் என்று கவுண்டர் அதட்டினார். "ஆருன்னு தெரியாதுன்னு சொல்லீட்டனுங்க. இல்லீன்னா எல்லாத்தையும் புடிச்சு வெச்சுக்குவாங்க. அவன் கூப்புட்டுக்கிட்டே இருந்தான். நான் திரும்பிப் பாக்கல."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து அத்தாயி என்பவள் எழுந்தாள். அவள் மகனும் தோமையனோடு போனவன்தான்.

"அப்ப என்ற பையன் நல்லாருக்கறான்னு போன மாசம் சொன்னியே சாமி," என்றாள். "அது?"

அவள் கேட்டதுதான் தாமதம், நாலு பக்கமும் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். தம்பியைக் கேட்டார்கள், மருமகனைக் கேட்டார்கள். தோமையன் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கத்தினான். ஒருவரும் நம்பவில்லை. இனி இந்தப் பக்கத்தில் அவன் பின்னால் ஓர் ஆள்கூடப் போகமாட்டான் என்பது ராயம்மாளுக்குத் தெரிந்தது. அவளுக்கு அது போதவில்லை.

கவுண்டர் சத்தத்தை அடக்கினார். உபதேசியார் மறுபடியும் எண்ணெயைக் கொண்டுவந்தார். சொல்லிவிட்டான், இனி வாங்கிவிடு அம்மா, அம்பு எய்தவர்களைக்கூடச் செபஸ்தியார் சபிக்கவில்லையே என்றார்.

"பொறவு என்னத்துக்குங்க படிக்கட்டுல போயி நின்னாரு?"

"நியாயம் கேக்கத்தான் போனாரு. அதுக்காக ராசாவைப் புடிச்சு மரத்துல கட்டலியே."

"நானும் கட்டலீங்க," என்றாள் ராயம்மாள். "நடக்கச் சொல்றேன்."

தோமையனுக்கு எதிரே போய் நின்றாள். அவன் முகம் அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது.

"அம்பு உன்ற கைலயே இருக்கட்டும். அந்தக் கடலோரத்துக்குப் போ. அவரு ஆருன்னு முகாம்காரங்ககிட்டச் சொல்லு. எங்க பொதச்சாங்களோ அங்க தோண்டி ஒரு கை மண்ணு எடுத்துட்டு வா. அன்னிக்கி வாங்கிக்கறேன், அன்னிக்கி எண்ணெய் போடறேன்."

"எங்கீன்னு போயித் தேடுவேன்? மணலுல எல்லாம் ஒண்ணாட்டத்தான் கெடக்கும் அம்மிணி. சத்தியமா என்னால ஆவாது."

"தேடு."

அவன் கவுண்டரைக் கெஞ்சினான். அவர் கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு எழுந்தார். வழக்கு தீரும்வரை அவனுக்கு ஊரில் வண்டி கிடையாது, கிணறு கிடையாது என்றார். தன் காட்டைத் தாண்டும்போதுகூட நிழலில் நிற்கக்கூடாது என்றார். மதலேனம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை உபதேசியார் கையிலிருந்து வாங்கி, ஓர் இலையால் மூடி எடுத்து வைத்துக்கொண்டாள்.

தோமையன் எழுந்தான். அம்பை மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தான். கூட்டம் விலகியது, வழி விட்ட மாதிரி இல்லாமல், தொட்டுவிடுவான் என்று ஒதுங்கின மாதிரி. அவசரமாகக் கட்டின துணி மூட்டையை எடுத்துக்கொண்டு அவன் பெண்டாட்டி பின்னாலேயே ஓடினாள். வாங்க அவனிடம் கை இல்லை. அவளே தோளில் கட்டிவிட்டாள். முடிச்சுப் போடுகிறபோது அவள் திரும்பி ராயம்மாளைப் பார்த்தாள். எப்போது வருவார் என்று கேட்கிற பார்வை.

ராயம்மாள் பார்வையைத் தாழ்த்தவில்லை. இரக்கம் எங்கேயாவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இல்லை. சேலத்து ரயிலுக்குப் போகிற பாதை மேடேறித் திரும்பும் இடம்வரை அவன் போய் மறைவதைப் பார்த்தாள். அந்தப் பெண் மேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

நெஞ்சுத் துளை எண்ணெய் இல்லாமல் திறந்திருக்க, சப்பரத்தைத் தூக்கினார்கள். அடிப்பிடித்த பொங்கலை இறக்கி இலை போட்டார்கள். ராயம்மாள் தோளில் இருந்த வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தாள். கருகினது, வேண்டாம் என்று சிலர் இலையை மடக்கிவிட்டார்கள். அவள் வழித்துத் தின்றாள். தின்றுவிட்டு, இன்னொரு கரண்டி போடச் சொன்னாள்.